கேற்றடியில் கழற்றிய கையுறை

1

இன்று காலை மகள் துளசி குசினி மேசையின் இழுப்பு லாச்சியைத் துப்புரவாக்கப் போகிறேன் என்று தானாகவே வெளிக்கிட்டாள். பதினொரு வயதுப் பிள்ளை கேளாமல் வேலை செய்ய வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. இருந்தது. சிநேகிதி வீட்டில் ஒரு இரவு தங்க அனுமதி வேண்டுமாம். அந்தச் சிநேகிதிக்கு அண்ணன்மார் இருக்கிறார்களா, தாய் தகப்பன் என்ன வேலை, ஏன் இந்தக் கிழமை என்று நான் விசாரித்து முடிப்பதற்குள், லாச்சியில் மடித்து அடுக்கி வைத்திருந்த வெறும் பிளாஸ்டிக் பாண் பைகள் அவ்வளவும் குப்பைக்குள் போய்விட்டன.

“அம்மா, வை டு யூ கீப் திஸ் ரபிஷ்?” என்றாள். இப்போது அவளிடமிருந்து கேள்வியும் ஆங்கிலத்தில்தான் வருகிறது, பதிலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. நான் மட்டும் தமிழில் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

“அது குப்பையில்லை. அது என்ர சொக்ஸ்” என்றேன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். இவர் பேப்பரை இறக்காமலே, “ஓம் பிள்ளை, அம்மா சொல்லுறது உண்மை. போன குளிருக்கு முதல் குளிர் அம்மா பாண் பைக்குள்ளதான் கால் வச்சுக்கொண்டு திரிஞ்சவ” என்றார்.

துளசி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குப்பை வாளிக்குள் கைவிட்டு ஒரு பையை மட்டும் எடுத்து உதறி மேசையில் வைத்தேன். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஊரிலிருந்து கடிதம் போடுகிற எல்லாரும் “அங்கே பனி கொட்டுமா?” என்று கேட்கிறீர்கள். ஒக்லாந்தில் கொட்டாது. கொட்டினாலாவது படம் எடுத்து அனுப்பலாம். இங்கே குளிர் மழையோடும் காற்றோடும் சேர்ந்து, பார்வைக்கு ஒன்றும் இல்லாததுபோல வரும். வானொலிக்காரர் “ஃபைன்” என்று சொன்ன நாளில்தான் நான் அதிகம் நனைந்திருக்கிறேன். நீங்கள் அங்கே ஆடிக்கூழ் காய்ச்சுகிற மாதத்தில் எங்களுக்கு இங்கே விரல் விறைக்கிறது. மாதத்தின் பெயரைக்கூட இந்த நாட்டில் நம்ப முடியாது.

2

முதலில் நான் ஏன் சைக்கிளில் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். இவர் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். இங்கே வந்ததும் அவருடைய படிப்பை மதிப்பிட வேண்டும் என்று ஒரு அலுவலகம் சொன்னது. மதிப்பிட ஒரு பத்திரம் கேட்டது. அந்தப் பத்திரத்தை உறுதிப்படுத்த ஊரில் உள்ள கந்தோருக்கு எழுதச் சொன்னது. அந்தக் கந்தோருக்கு இப்போது கூரை இல்லை என்று நாங்கள் பதில் போட்டோம். கூரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அலுவலக முத்திரை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள். அதன் பிறகு இவர் மறுபடியும் படிக்கத் தொடங்கினார். அந்த வருடம் வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான். அந்த வேலை போனால் மனுரேவாவில் நாங்கள் இருந்த வாடகை வீடும் போகும். அவ்வளவு மெல்லிய நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம்.

வேலை விரி என்ற இடத்தில், ஒரு பெரிய களஞ்சியத்தில். பற்றரிகளையும் ரோச்லைற்களையும் மணிக்கூடுகளையும் கடைகளுக்கு அனுப்பப் பெட்டியில் அடைக்க வேண்டும். குளிர்காலம் முடியும்வரை வைத்துப் பார்த்து, கை வேகமாக இருந்தால் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள்.

பற்றரி என்ற சொல்லையே மெல்லிய குரலில் சொன்ன வருடங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. போரில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் ஒரு பேனைப் பற்றரியைக் கொண்டைக்குள் செருகி வவுனியாவிலிருந்து கொண்டுவந்த பெண்களை எனக்குத் தெரியும். நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள். அப்படிப்பட்டவளை ஒரு மலைபோலக் குவிந்த பற்றரிகளுக்கு முன்னால் நிறுத்தி, “அடை” என்றால் எப்படி இருக்கும்? முதல் நாள் ஒன்றைத் தொடுவதற்கு முதல் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டுக்கான பற்றரியை இவர் கடையில் வாங்கி வந்தபோது அதன் துண்டுச் சீட்டைக்கூட நான் எறியவில்லை. யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே.

களஞ்சியம் தொடங்குகிற நேரத்துக்கும் ரயில் வருகிற நேரத்துக்கும் ஒருநாளும் ஒத்துவராது. அதனால் ஒரு தேவாலயச் சந்தையில் பழைய பெண்கள் சைக்கிள் ஒன்று வாங்கினோம். எண்ணெய் இல்லாத காலத்தில் முன்னுக்குப் பிள்ளையும் பின்னுக்குத் தண்ணீர்க் கானுமாகக் குண்டும் குழியுமான வீதியில் ஓடியவளுக்கு, கண்ணாடிபோலப் போட்ட வீதி ஒரு பொருட்டா? அந்தத் திமிர் முதல் குளிர் வாரத்தோடு அடங்கியது. பிறேக்கை அழுத்த விரல் மடங்கவில்லை. காலைப் பெடலில் வைத்திருக்கிறேனா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது.

கடையில் “தண்ணீர் புகாது” என்று எழுதியிருந்த கையுறையை வாங்கினேன். புகுந்தது. அதோடு இந்த நாட்டு எழுத்துகளை நம்புவதை விட்டுவிட்டு, நானே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். உள்ளே கம்பளிக் கையுறை, அதற்கு மேலே பாத்திரம் கழுவுகிற மஞ்சள் இரப்பர் கையுறை, பெரிய அளவில். பார்க்க அலங்கோலம், ஆனால் காற்று உள்ளே வராது. கால்களுக்கு ஒரு மெல்லிய காலுறை, அதற்கு மேல் பாண் பை, அதற்கு மேல் தடித்த காலுறை. சப்பாத்தின் முன் நுனியில் பத்திரிகைத் தாள். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் பிந்தித்தான் அறிந்தேன். இறுக்கமாகப் போட்டால் சூடாக இருக்கும் என்று நினைத்துப் போட்டு, விரல்கள் சிவந்து வீங்கி, இரவெல்லாம் தினவெடுத்தது. விறைத்த காலைக் கொதிநீருக்குள் வைத்து அதை இன்னும் கெடுத்துக்கொண்டேன். அப்படிச் செய்யாதீர்கள். வீட்டுக்குள்ளேயே கையுறையைப் போட்டுக் கையைச் சூடாக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டும். நெஞ்சுக்கு ஒரு பத்திரிகைத் தாளைச் சட்டைக்குள் விரித்துக்கொண்டால் அந்தச் சூடு விரல்வரை போகும். பிறேக் பிடியின் இரும்புக்குப் பழைய சேலைத் துண்டைச் சுற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் நானே தேடிப் பிடித்த கெட்டித்தனம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

3

ஆனால் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய சூட்டை நான் ஒவ்வொரு காலையும் களஞ்சியத்து வாசல் கேற்றடியில் பறிகொடுத்தேன்.

கேற்றடியில் ஒரு சிறு கூடு. கூட்டுக்குள் ஒரு காவலாளி. நீலச் சட்டை, தோளில் பட்டி, தலையில் தொப்பி. அந்தத் தொப்பி தூரத்தில் தெரிந்ததுமே என் கால் தானாக நிலத்தில் ஊன்றிவிடும். மூலையில் இறங்குவேன். மஞ்சள் கையுறையைக் கழற்றுவேன், கம்பளியையும் கழற்றுவேன், இரண்டையும் கூடைக்குள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைப்பேன். வேலைக்காரருக்குக் கொடுத்த அட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன். அந்த வீதிதான் விரியிலேயே காற்று அதிகமான வீதி.

ஏன் என்று ஊரில் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இராணுவச் சென்றியைக் கண்டால் இறங்கித் தள்ள வேண்டும். கை தெரிய வேண்டும். கட்டுப்போட்ட கையோடு போன ஒரு மனிதரை வீதியில் நிறுத்திக் கட்டை அவிழ்க்கச் சொன்னதை நான் என் கண்ணால் பார்த்தேன். மூடிய கை என்றால் கைக்குள் ஏதோ இருக்கிறது. அது எங்கள் எலும்புக்குள் போய்விட்ட பாடம். இங்கே யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே இறங்குவதால்தான் நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்தோம் என்று நான் நினைத்தேன்.

அந்தக் காவலாளி என்னைச் சும்மா விட்டிருந்தாலாவது நாளடைவில் பழகியிருப்பேன். அவர் விடவில்லை. இரண்டாம் நாளே கூட்டை விட்டு வெளியே வந்து, வாயெல்லாம் பல்லாக, “அம்மா, வணக்கம். எங்க போறது?” என்று கேட்டார்.

காலையில் களஞ்சிய வாசலில் நிற்கிறவள் வேறு எங்கே போவாள்? ஆனால் நான் பயந்தது கேள்விக்கு அல்ல. அந்த உடைந்த தமிழுக்கு. ஊரில் சீருடைக்குள்ளிருந்து வந்த தமிழ் இதே மாதிரித்தான் இருக்கும். “அம்மா, எங்க போறது? ஐ.சி. இருக்கா?” என்று சிரித்துக்கொண்டுதான் அடையாள அட்டையைக் கேட்பார்கள். அம்மா என்ற சொல்லை அவர்களுடைய வாயால் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே எனக்குக் கசந்துபோயிருந்தது.

நான் அட்டையை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. “சாப்பாடு ஆச்சா?” என்றார். ஒருவன் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தால் அடுத்ததாக வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பான். நான் வாய் திறக்காமல் உள்ளே போய்விட்டேன்.

பெயரை விசாரித்தேன். சட்டையில் “சாம்” என்று குத்தியிருந்தது. முழுப்பெயர் முன்சாமியாம். பிஜித் தீவிலிருந்து வந்தவராம். அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போன தென்னிந்தியக் குடும்பமாம். முன்சாமி என்ற பெயரை வெட்டிச் சாம் என்று ஆக்கியவர் இன்னும் எதையெல்லாம் வெட்டியிருப்பார் என்று இரவு இவரிடம் சொன்னேன்.

“இஞ்சரும், அந்த மனுசன் வணக்கம் சொல்லுது. நீரும் ஒரு வணக்கத்தைச் சொல்லிப்போட்டுப் போமன்” என்றார் இவர்.

“சும்மா சொல்லமாட்டினம். ஆள் என்னை நோட் பண்ணுது.”

“உமக்கு ஆர்தான் நோட் பண்ணாத ஆள்? முன்வீட்டுக்காரன் கை காட்டினாலும் ஏன் காட்டினவன் எண்டு கேக்கிறீர்.” என்னைச் சீ.ஐ.டி. என்று கூப்பிடுவது அவருக்கு வழக்கம். அதை அன்றும் கூப்பிட்டார்.

ஆனால் என் இறக்கம் கேற்றடியோடு நிற்கவில்லை என்பது இவருக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை துளசியைப் பின்னால் இருத்திக்கொண்டு கிரேட் சௌத் ரோட்டில் போனபோது, வீதியோரம் ஒரு பொலிஸ் கார் நின்றது. சும்மா நின்ற கார். உள்ளே இருந்தவர் எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கி, பிள்ளையையும் இறக்கி, கையுறையைக் கழற்றித் தள்ளிக்கொண்டு நடந்தேன். எதிரே துளசியோடு படிக்கிற பிள்ளை ஒன்று வந்தது. அந்தப் பிள்ளையிடம் இவள், அம்மாவின் சைக்கிளில் பிறேக் உடைந்துவிட்டது, அதுதான் தள்ளுகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னதை நான் கேட்டேன். பிறேக் அந்தக் கிழமைதான் புதிதாகப் போட்டது. தாய்க்காகப் பொய் சொல்லப் பழகிவிட்டாளே என்று எனக்கு நெஞ்சு வலித்தது.

4

குளிரின் நடுப்பகுதியில் களஞ்சியத்தில் பற்றரிப் பெட்டிகள் காணாமல் போகத் தொடங்கின. சின்னப் பற்றரிகள், கைக்குள் அடங்குகிற பொதிகள். மதியச் சாப்பாட்டு அறையில் எல்லாரும் எல்லாரையும் கடைக்கண்ணால் பார்த்தார்கள். எனக்கு அது புதிதல்ல. அங்கே இருந்தவர்களில் அப்படிப் பார்க்க நன்றாகப் பழகியிருந்தவள் நான்தான்.

வேறொன்றும் இருந்தது. விறைத்த விரலோடு உள்ளே போகிறவளுக்கு முதல் ஒரு மணி நேரம் கை ஓடாது. பொதிகளைத் தவறவிடுவேன். குனிந்து பொறுக்குவேன். குனிகிறவளை மேற்பார்வையாளர் ஷெரில் பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரமாக்குகிற கதை போய், இருக்கிறதும் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நாள் ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது உள்ளே ஷெரில் மேசைக்குப் பின்னால் இருந்தார். கதவடியில் முன்சாமி, தொப்பியோடு. அவரைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

ஷெரில் நல்ல பெண். குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “தவறாக நினைக்க வேண்டாம், எல்லாரிடமும் கேட்கிறோம்” என்று தொடங்கினார். “நீங்கள் ஒவ்வொரு காலையும் கேற்றுக்கு முன்னால் இறங்கி எதையோ கழற்றிக் கூடைக்குள் வைக்கிறீர்களாம். சப்பாத்துக்கு மேலே பிளாஸ்டிக் பை எட்டிப் பார்க்கிறதாம். சாம் சொன்னார். அது என்ன என்று எனக்குச் சொல்ல முடியுமா?”

நான் முன்சாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது வந்த கோபத்தில் ஒரு திருப்தியும் கலந்திருந்தது. பார், நான் நினைத்தது சரி. வணக்கமும் சாப்பாடும் இதற்குத்தான்.

சொல்வதற்கு ஆங்கிலம் வரவில்லை. வழமையாக வரும். ஊரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அதனால் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பத்திரிகைத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். தடித்த காலுறையை வைத்தேன். பாண் பையை வைத்தேன். அதன் மேல் சிரித்த முகத்தோடு ஒரு கோதுமைக் கதிர்ப் படம் இருந்தது. மெல்லிய காலுறையையும் உரித்தேன். மிளகாய்ப் பழம்போலச் சிவந்து வீங்கிய விரல்கள் ஷெரிலின் அறைக் கம்பளத்தில் வரிசையாக நின்றன. பிறகு இரண்டு கைகளையும் உள்ளும் புறமுமாகத் திருப்பிக் காட்டினேன்.

“இன்னும் என்ன கழற்ற வேண்டும்?” என்று கேட்டேன். அப்போது ஆங்கிலம் வந்துவிட்டது.

ஷெரில் “ஓ, டியர்” என்றார். அவருடைய முகம் என் கால் விரலைவிடச் சிவந்துபோயிற்று. நான் நிறுத்தவில்லை. எங்கள் ஊரில் தொப்பி போட்டவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், கையைக் காட்ட வேண்டும், நான் காட்டினேன், அவ்வளவுதான் என்றேன். முன்சாமியைப் பார்த்து, “இனிமேல் என்னோடு தமிழில் பேச வேண்டாம்” என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

“யெஸ், மேடம்” என்றார் அவர். குரல் சின்னதாகக் கேட்டது.

வெறுங்காலோடு நின்றபடி இவ்வளவும் சொன்னேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சப்பாத்தைத் திரும்பப் போடும்போது பாண் பை ஒன்று காணவில்லை. யார் எடுத்தார்கள் என்று அந்த நிலையிலும் நான் தேடினேன். மேசைக்குக் கீழே கிடந்தது.

5

பெட்டிகளை யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. எண்ணியதில் பிழை என்று சொன்னார்கள். எனக்கு ஒரு ஆளில் சந்தேகம் இருக்கிறது, எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு முன்சாமி நான் சொன்னபடியே நடந்தார். “குட் மோர்னிங், மேடம்” என்பார். வேறு ஒரு சொல் இல்லை. கூட்டை விட்டு வெளியேயும் வருவதில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒருவர் திடீரென்று ஒழுங்காக நடக்கத் தொடங்கினால் அதுவும் நல்லதற்கில்லை. என்ன திட்டம் போடுகிறாரோ என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அதே நேரம் இறங்குவதையும் விடவில்லை, கையுறையைக் கழற்றுவதையும் விடவில்லை. எல்லாம் வெளிப்படையாகிவிட்டதே, இனி ஏறியே போகலாமே என்று இவர் கேட்டார். என் கால் கேட்டால்தானே.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சைக்கிளோடு கேற்றைத் தாண்ட முடியவில்லை. முன்சாமி கூட்டின் கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல், தான் இருந்த கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். நான் இருக்கவில்லை. கதவோரம் நின்றேன். கூட்டுக்குள் ஒரு சிறு மின்சார ஹீட்டர் இருந்தது. அதையும் காலால் என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு அவர் ஆங்கிலத்தில், “நான் சொன்னது உண்மைதான்” என்றார். “இந்த அம்மா தினமும் இறங்கி, குளிரில் வெறுங்கையைக் காட்டிக்கொண்டு வருகிறாள், ஏன் என்று கேளுங்கள், காலும் சரியில்லை என்றேன். பெட்டி காணாமல் போக முந்தியே சொன்னது. திருடி என்று நான் சொல்லவில்லை.”

“நீங்கள் என்னிடமே கேட்டிருக்கலாமே” என்றேன்.

“கேட்டேனே. தினமும் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை.”

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆனாலும் நான் விடவில்லை. “நீங்கள் கேட்டது எங்கே போகிறாய் என்று” என்றேன்.

அவர் சிரிக்க முயன்றார். “எனக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். நான் வீட்டை விட்டு வெளிக்கிடும்போதெல்லாம் என் அப்பா அப்படித்தான் கேட்பார். எங்க போறது, சாப்பாடு ஆச்சா. மற்ற நேரமெல்லாம் எங்கள் வீட்டில் ஹிந்திதான். அப்பா போன பிறகு அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. முதல் நாள் பெயர்ப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் மதராசிப் பெயர் என்று சந்தோஷப்பட்டேன்.”

நான் கதவோரத்தை விட்டு ஹீட்டருக்குக் கிட்ட ஒரு அடி வந்தேன்.

அவரே தொடர்ந்தார். பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அவர் பஸ் ஓட்டுநராக இருந்தாராம். ஒரு பாலத்தில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்களாம். மறித்தவன் பக்கத்து வீட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு பந்து விளையாடுகிறவன். “என்னை ஏற இறங்கப் பார்த்து, யார் நீ, எங்கே போகிறாய் என்று கேட்டான். தொப்பி போட்டதும் வேறு ஆளாகிவிட்டான். இரண்டு வருடத்தில் நான் இங்கே வந்துவிட்டேன்.” பிறகு தன்னுடைய தொப்பியைக் கழற்றி, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “இங்கே இந்த வேலைதான் கிடைத்தது.”

மழை கொஞ்சம் விட்டது. நான் சைக்கிளை எடுத்தேன். அவர் சொன்னதை முழுதாக நம்பினேனா என்று கேட்டால், இல்லை. முக்கால்வாசி நம்பினேன். எனக்கு அது பெரிய கணக்கு. வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னபோது, “சீ.ஐ.டி.க்கே முக்கால்வாசி எண்டால், அந்த மனுசன் தங்கம்” என்றார்.

6

அடுத்த திங்கட்கிழமை நல்ல உறைபனி. மனுரேவாவில் வீட்டுக்கு முன்னால் புல்லெல்லாம் கோலமாவு கொட்டினதுபோல வெளுத்திருந்தது. வாய்மூச்சு புகையாகப் போயிற்று. கையுறை இரண்டு சோடி, காலுறை, பாண் பை, பத்திரிகை எல்லாம் முறைப்படி போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். ரயில் கடவையைத் தாண்டும்வரை கால் சூடாகவே இருந்தது.

களஞ்சியத்து வீதிக்குள் திரும்பியதும் வழமைபோலக் கேற்றடியைப் பார்த்தேன். தொப்பி இல்லை. கூட்டுக்குள்ளும் ஆள் இல்லை. வேறு ஆளைப் போட்டுவிட்டார்களா, அவரை நிறுத்திவிட்டார்களா, நான் ஷெரில் முன்னால் கத்தியதால்தானா என்று எனக்குப் பதைத்தது. மூலைக்கு வந்துவிட்டேன். இறங்க வேண்டிய இடம்.

அப்போது பார்த்தால் மனிதர் வெளியே நிற்கிறார். கேற்றுக்குப் பக்கத்தில், வெட்டவெளியில், வெறுந்தலையோடு. தலை முழுவதும் வழுக்கை என்று எனக்கு அன்றுதான் தெரியும். காது இரண்டும் சிவந்து கிடந்தன. இது என்ன கூத்து, தொப்பி போடாமல் நின்றால் இவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்களே, இதற்குள் என்ன உள்நோக்கம் என்று என் புத்தி வழமைபோல விசாரணையைத் தொடங்கியது. கொஞ்சம் கிட்டப் போனதும்தான் கண்டேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். தொப்பி அந்தக் கைக்குள் இருந்தது. என் கண்ணில் அது படாமல் மறைத்துப் பிடித்திருந்தார்.

எனக்கு ஒரேயடியாகக் கோபம் வந்துவிட்டது. ஐம்பது வயது தாண்டிய மனிதர், இந்த உறைபனியில், காலங்காத்தாலே.

“அண்ணை!” என்று கத்தினேன். “தொப்பியைப் போடுங்கோ! தலையில பனி இறங்குது, காய்ச்சல் வரப்போகுது! உங்களுக்கென்ன விசரே?”

அவருக்கு அதில் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அண்ணை என்றது விளங்கியிருக்க வேண்டும். முகம் முழுவதும் சிரிப்பாகிவிட்டது. என்னை ஒரு கணம் பார்த்தார், கேட்கலாமா என்பதுபோல. பிறகு மெல்லக் கேட்டார்.

“எங்க போறது?”

“வேலைக்கு!” என்றேன். “வேற எங்க?”

“சாப்பாடு ஆச்சா?”

“ஆச்சுது, ஆச்சுது! முதல்ல தொப்பி!”

திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனேன். போடுகிறாரா என்று பார்க்க வேண்டுமே. போட்டார். போட்ட பிறகும் அவர் முன்சாமியாகவே நின்றார்.

களஞ்சியத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் போய், பூட்டை எடுத்துச் சில்லுக்குள் போட்டேன். திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. திருப்பிப் பிடித்து மறுபடி முயன்றேன். போகவில்லை. யாரோ பூட்டுக்குள் எதையோ செருகிவிட்டார்கள் என்று உடனே நினைத்தேன். குனிந்து பார்த்தேன்.

மஞ்சள் கையுறை இரண்டும் கையிலேயே இருந்தன.